மோட்டாருக்குக் கயிறு திரித்தவர்

விடிந்தும் விடியாததுமாகப் படகுத்துறையில் வரிசை நின்றுவிடும். வரிசையில் நிற்பவை மோட்டார்கள். படகின் பின்புறம் மாட்டுகிற, பெயின்ட் உரிந்த கிழட்டு மோட்டார்கள். அவற்றைக் கழற்றித் தோளில் சுமந்து, பெட்ரோல் டேங்கை மறு கையில் தொங்கவிட்டு, காய்ச்சல் குழந்தையைத் தூக்கி வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு படகோட்டிகள் காத்துக் கிடப்பார்கள். டாக்டர் இன்னும் வரவில்லை. டாக்டர் என்றா சொன்னேன்? நாக்கு தவறிவிட்டது. மூச்சய்யா.

மூச்சய்யாவுக்கு முன்பு வேறு பெயர் இருந்தது. அப்போது ஒவ்வொரு ஒர்க்‌ஷாப்பாக வேலைக்குச் சேர்ந்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஸ்பானர்களோடு காணாமல் போய்க்கொண்டிருந்தார். பிறகு தாடி வளர்ந்தது. தாடி வளர வளர ஸ்பானர் திருட்டு மறந்துபோனது. மயிருக்கு எங்கள் ஊரில் இருக்கிற மரியாதை மார்க் ஷீட்டுக்கு இல்லை. அதை நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

வைத்தியம் இப்படி நடக்கும். கழுத்தில் மாலையாகத் தொங்கும் கறுப்பு ரப்பர் குழாயை எடுப்பார். ஒரு முனையை டேங்கின் மூடிமேல் வைப்பார். மறுமுனையைக் காதில் வைப்பார். கண்ணை மூடுவார். கூட்டம் இருமலைக்கூட அடக்கிக்கொள்ளும்.

"மூச்சு போகுது," என்பார்.

அவர் வாழ்நாளில் பேசிய ஒரே உண்மை அதுதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்து மெழுகில் தோய்த்த சிவப்புக் கயிறு வெளியே வரும். மூடியைத் திறந்து, அதன் அடி விளிம்பைச் சுற்றிக் கயிற்றை நெருக்கமாகச் சுற்றி, மறுபடி இறுக்கி மூடி, மேலே இன்னும் கொஞ்சம் மெழுகைத் தடவி, உதட்டுக்குள் என்னவோ முணுமுணுப்பார். நான் ஒருமுறை பக்கத்தில் நின்று கேட்டேன். வாய்ப்பாடு மாதிரி இருந்தது. அதிலும் தப்பு இருந்தது.

"கட்டு போட்டாச்சு. இதைப் பத்தி வெளியில யாரும் மூச்சு விடக் கூடாது."

யாரும் விடவில்லை. மோட்டார் ஓடும். அதுதான் அவருடைய பலம். கயிறு கட்டினால் உண்மையாகவே ஓடும். சில நாளில் நடு ஆற்றில் மறுபடி நின்றுபோகும். தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். அவர் கயிற்றை விரலால் தொட்டுப் பார்த்து, வருத்தமாக உதட்டைப் பிதுக்குவார்.

"உன் நம்பிக்கை கரைஞ்சிடுச்சுப்பா."

கரைந்தது மெழுகு. பெட்ரோல் பட்டால் மெழுகு கரையும். அடுப்படியில் நிற்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் வரிசையில் நின்ற ஒருவருக்கும் யாரையாவது கேட்கத் தோன்றவில்லை. காணிக்கையை வைத்துவிட்டுப் புதுக் கயிறு கட்டிக்கொண்டு போனார்கள்.

இந்த மோட்டார்கள் எல்லாம் நின்றது ஒரே இடத்தில். துறையிலிருந்து நாணல் திட்டு வரை தண்ணீர் ஆழமில்லை. அதுவரை படகுகள் ஒழுங்காக ஊர்ந்து போகும். திட்டைத் தாண்டி வளைவில் திரும்பினால் ஆழம். அந்த இடத்துக்கு நடுத்தண்ணி என்று பெயர். அங்கே போனதும் மோட்டார் செருமும், இழுக்கும், செத்துப்போகும். நடுத்தண்ணியில் ஓர் ஆவி இருக்கிறது, அதற்கு மூச்சு போதவில்லை, போகிற வருகிற மோட்டார்களிடம் மூச்சை உறிஞ்சுகிறது என்று மூச்சய்யா கண்டுபிடித்திருந்தார். யாருடைய ஆவி என்று மட்டும் சொல்லாமல் வைத்திருந்தார். நல்ல சரக்கை உடனே கடை பரப்புவார்களா?

அத்தையின் மோட்டார் இரண்டாம் முறை வரிசைக்கு வந்த அன்றைக்குத்தான் பரப்பினார்.

அத்தை என் அப்பாவின் அக்கா. துறையில் படகு ஓட்டுகிற ஒரே பெண். எதிர்க்கரையில் இருக்கிற, மீனை டின்னில் அடைக்கும் தொழிற்சாலைக்குப் பெண்களைக் காலையில் கொண்டு விட்டு மாலையில் அழைத்து வருவார். அந்த மோட்டார் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது. என்னைக் கல்லூரிக்கு அனுப்பியது. எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான் என்றால், என்னை அங்கே இறக்கிவிட்டது அந்தப் புகை கக்கும் பூதம்தான். அதுவும் நடுத்தண்ணியில் நிற்க ஆரம்பித்திருந்தது. கயிறு கட்டியும் நின்றது. படகு நிறையப் பெண்களோடு நின்றது.

மூச்சய்யா குழாயைக் காதில் வைத்தார். கண்ணை மூடினார். திறந்தார். அத்தையை மேலும் கீழும் பார்த்தார்.

"இது சாதாரணக் கேஸ் இல்ல. மூலமே இங்கதான் இருக்கு. உன் வீட்டுக்காரர்மா."

கூட்டம் ஒருமுறை பின்வாங்கி, பிறகு நன்றாகப் பார்ப்பதற்காக முன்னால் வந்தது.

"யாரு?" என்றார் அத்தை.

"உன் புருஷன். நடுத்தண்ணியில உக்காந்து மூச்சு வாங்கறான்."

என் மாமா தையல்காரர். படகில் ஏறினாலே வாந்தி எடுப்பார். அத்தையைப் பெண் பார்க்க வந்தபோதுகூட படகில் ஏறாமல் தொலைவில் இருக்கிற பாலம் வழியாகச் சுற்றி வந்தவர். அவர் இறந்தது ஆஸ்பத்திரியில், கட்டிலில், அத்தையின் கையைப் பிடித்தபடி.

"உயிரோட இருந்தப்பவே தண்ணிப் பக்கம் தலைவச்சுப் படுக்காத மனுஷன்," என்றார் அத்தை. "செத்தப்புறம் எதுக்குய்யா ஆத்துக்கு வரப்போறார்? அவர் செத்தது ஆஸ்பத்திரியில."

"ஆவிக்கு அட்ரஸ் முக்கியமில்லம்மா."

கூட்டம் ஆஹா என்று தலையை ஆட்டியது. எல்லாருக்கும் முன்னால் ஆட்டியவர் படகோட்டிகள் சங்கத் தலைவர். அவருக்கு ஊரில் தலையாட்டி என்றே பெயர். சங்கத்தில் எந்தத் தீர்மானம் வந்தாலும் அதற்கு நேர் எதிர்த் தீர்மானம் வந்தாலும் ஒரே மாதிரி ஆட்டுவார்.

தீர்ப்பு வந்தது. மூலம் பிடித்த மோட்டாருக்குக் கயிறு பலிக்காது. ஞாயிற்றுக்கிழமை அதை மூச்சய்யாவிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவர் தனியாக எடுத்துப் போய் முறைப்படி ஆழத்தில் அடக்கம் செய்வார். இதற்கு முன்பும் சில மோட்டார்களை அப்படி அடக்கம் செய்திருக்கிறார். ஒப்படைக்காவிட்டால் அத்தையின் படகுக்குத் துறையில் இடமில்லை என்று தலையாட்டி சொன்னார். சொல்லிவிட்டு ஆட்டினார்.

மறுநாள் அத்தையின் படகு காலியாக நின்றது. டின் தொழிற்சாலைப் பெண்கள் வேறு படகுகளில் நெருக்கியடித்துக்கொண்டு, அத்தையின் கண்ணைப் பார்க்காமல் போனார்கள்.

அத்தை அழவில்லை. மோட்டாரை வீட்டு முற்றத்தில் பழைய டிரம்மில் மாட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மெக்கானிக்கல் படிச்சிருக்கேல்ல?"

"படிச்சிருக்கேன்."

"இதைப் பத்தி என்ன சொல்லிக் குடுத்தாங்க?"

"ஒண்ணும் சொல்லிக் குடுக்கல அத்தை."

"நல்லது. அப்ப தப்பா சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க. கழட்டு."

கழற்றினோம். அத்தைக்கு அதன் ஒவ்வொரு சத்தமும் தெரியும். எனக்குச் சத்தத்துக்குக் காரணம் தேடத் தெரியும். பாதி நாளில் ஆவி பிடிபட்டது.

இந்த மாதிரிக் கிழட்டு மோட்டார்களில் பெட்ரோலை இழுக்கப் பம்ப் கிடையாது. டேங்குக்கும் மோட்டாருக்கும் நடுவே இரண்டு குழாய்கள். மோட்டார் ஓடும்போது ஒரு குழாய் வழியாகத் தன் காற்றை டேங்குக்குள் ஊதும். அந்தக் காற்று பெட்ரோலை அழுத்தி மறு குழாய் வழியாக மோட்டாருக்குத் தள்ளும். அவ்வளவுதான். அதற்கு டேங்க் பந்து மாதிரி காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். எங்கள் டேங்கின் மூடியில் இருந்த ரப்பர் வாஷர் வறண்ட உதடு மாதிரி வெடித்திருந்தது. சோப்பு நுரையைத் தடவி ஊதினோம். மூடியைச் சுற்றி முட்டை முட்டையாகக் குமிழி வந்தது.

"இதோ உங்க வீட்டுக்காரர்," என்றேன்.

அத்தை வெகுநாள் கழித்துச் சிரித்தார்.

நடுத்தண்ணி மர்மமும் அதே நுரையில் கரைந்தது. நாணல் திட்டு வரை மெதுவாகப் போகிறோம். கொஞ்சம் பெட்ரோல் போதும், கசிகிற டேங்கும் கொடுத்துவிடும். வளைவைத் தாண்டியதும் எல்லாரும் வேகத்தை முறுக்குகிறார்கள். அப்போது நிறைய வேண்டும். ஓட்டை டேங்கால் தள்ள முடியாது. நின்றுபோகிறது. அந்த இடத்தில் இருந்தது ஆவி இல்லை, எங்கள் அவசரம். ஏதோ ஒரு கம்பெனி மூடியபோது மலிவாகக் கிடைத்தது என்று ஊரே சேர்ந்து ஒரே மாடல் மோட்டாரை வாங்கியிருந்தது. அதனால் ஊருக்கே ஒரே ஆவி.

மூச்சய்யாவின் மெழுகுக் கயிறு? அது ஒரு வாஷர். கரைகிற வாஷர். மூச்சு போகுது என்று அவர் சொன்னது உண்மை என்றேனே, அது இதுதான். குழாயைக் காதில் வைத்துக் காற்றுக் கசிவதைக் கேட்டிருக்கிறார். தெரிந்துதான் கேட்டிருக்கிறார்.

எங்கள் டேங்கின் கோளாறோ வாஷரோடு நிற்கவில்லை. மேல் தகரமும் துருப்பிடித்து ஊசித் துளைகள் விழுந்திருந்தன. அதனால்தான் மூடிக்குக் கட்டிய கயிறு எங்களுக்குப் பலிக்கவில்லை. அந்தக் காலத்து ஏற்பாட்டையே தூக்கி எறிந்துவிட்டு ஒரு பம்ப் வைத்துவிடலாம் என்று முடிவு செய்து நகரத்து உதிரிபாகக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் பம்ப்பை எடுத்து வைத்தார். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. உள்ளே ஒரு ரப்பர் ஜவ்வு. மோட்டாரின் காற்றுத் துடிப்பில் அந்த ஜவ்வு முன்னும் பின்னும் ஆடிப் பெட்ரோலை உறிஞ்சிக் கொடுக்கும்.

"எந்த ஊரும்மா?"

சொன்னேன்.

"அட, உங்க ஊர்ல இதை மாத்திக் குடுக்கத்தான் ஒருத்தர் இருக்காரே. எங்கிட்டதான் மொத்தமா வாங்குவாரு. தாடி வச்சுக்கிட்டு, கழுத்துல ரப்பர் குழாயை மாட்டிக்கிட்டு வருவாரு. நல்ல மெக்கானிக்."

கயிறு கட்டுகிறவர் எதற்குப் பம்ப் வாங்குகிறார்? அடக்கம் செய்த மோட்டார்கள் எங்கே அடங்கியிருக்கின்றன? வீடு திரும்புகிற பஸ் முழுக்க எனக்குக் காது கொதித்தது.

பம்ப்பை மாட்டினோம். ஓடவில்லை. அக்கம்பக்கத்து வேலிகளுக்கு மேலே தலைகள் முளைத்தன.

"டிகிரியை டேங்குல ஊத்திப் பாரு, ஓடும்," என்றது ஒரு தலை.

"மாமாவைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லு," என்றது இன்னொன்று.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. அத்தை டீயைக் கையில் கொடுத்துவிட்டு மோட்டாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டி, ஜவ்வு முன்னும் பின்னும் ஆடணும்னு சொன்னியே. மோட்டாரோட இந்தத் துளை வழியா காத்து வெளிய மட்டும்தானே வருது? உள்ள இழுக்கவே இல்லையே."

சரிதான். பழைய ஏற்பாட்டில் டேங்குக்கு ஊதிய காற்று திரும்பி வராமல் இருக்க உள்ளே ஒருவழி வால்வு வைத்திருந்தார்கள். அதைக் கழற்ற நான் மறந்துவிட்டேன். தள்ளிக்கொண்டே இருந்தால் ஜவ்வு எப்படி ஆடும்? வால்வைப் பிடுங்கிப் போட்டோம். பழைய டேங்கை ஓரங்கட்டிவிட்டு, மூடியில் குட்டிக் காற்றுத்துளை உள்ள புது பிளாஸ்டிக் டேங்கை வைத்தோம். ஒரே குழாய். ஸ்டார்ட்டர் கயிற்றைச் சுண்டி இழுத்தார் அத்தை. டிரம் தண்ணீர் முற்றமெல்லாம் தெறித்தது. வேலித் தலைகள் நனைந்து மறைந்தன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பழைய டேங்க் மூச்சு விட்டால் மோட்டார் சாகும். புது டேங்க் மூச்சு விடாவிட்டால் மோட்டார் சாகும். பெட்ரோல் வெளியே போகப் போக அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். துளையை அடைத்தால் பம்ப் வெறும் வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை. துறையில் கால் வைக்க இடமில்லை. அடக்கத்தைப் பார்க்கக் குழந்தை குட்டிகளோடு வந்திருந்தார்கள். மூச்சய்யா தன் சொந்தப் படகில் வந்து இறங்கினார். அவருடைய மோட்டார் மேல் மினுமினுக்கும் நீலத் துணி. அதன் அடியிலிருந்து டேங்குக்கு ஒரே ஒரு குழாய்தான் போனது.

அத்தை மோட்டாரை மாட்டி எங்கள் படகைக் கிளப்பினார். நாணல் திட்டைத் தாண்டி, நடுத்தண்ணியில் முழு வேகத்தில் வட்டமடித்து, எதிர்க்கரையைத் தொட்டுத் திரும்பி வந்தார். ஒரு செருமல் இல்லை.

இதற்குப் பிறகு கூட்டம் கலைந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் வேறு ஏதோ கிரகம்.

"கயிறு கட்டாம ஓடுது," என்றார் மூச்சய்யா மெல்ல. "இதுதான் ரொம்ப ஆபத்து. ஆவி மோட்டாருக்குள்ளயே குடி வந்துடுச்சு. இப்ப அதுதான் ஓட்டுது."

நின்றால் ஆவி. ஓடினால் பெரிய ஆவி. தலையாட்டி ஆட்டினார். கூட்டம் ஆட்டியது. எனக்குத் தலை சுற்றியது.

"அய்யா," என்றேன். "உங்க மோட்டாருக்கு ஏன் கயிறு இல்ல?"

"எனக்கெதுக்கும்மா கயிறு? நானே கயிறு."

"சரி. கட்டினா ஏதும் தப்பா?"

"தப்பில்ல. தேவையில்ல."

அத்தை படகிலிருந்து இறங்கி வந்தார். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார்.

"உங்க கையாலேயே உங்க டேங்குக்குக் கட்டு போடுங்க. நடுத்தண்ணி வரைக்கும் போய்ட்டு வாங்க. நிக்காம வந்துட்டீங்கன்னா, என் மோட்டாரை நானே கழட்டி உங்க கையில தர்றேன். நான் இனிமே படகே ஓட்டல."

அத்தை மோட்டாரை மட்டும் பணயம் வைக்கவில்லை.

"பொம்பளைங்க சவாலுக்கெல்லாம் நான்..." என்று மூச்சய்யா ஆரம்பித்தார்.

அவரை முடிக்க விடாமல் காப்பாற்ற வந்தது பக்தி. தலையாட்டியின் கண்கள் கலங்கியிருந்தன.

"அய்யா ஏன் கைய அழுக்காக்கணும்? இத்தனை நாள் எங்களுக்குக் கட்டினீங்க. இன்னிக்கு உங்களுக்கு நான் கட்டறேன். இந்தப் பாக்கியத்தையாவது எனக்குக் குடுங்க."

"அதெல்லாம் வேணாம்பா..."

"அய்யாவோட அடக்கத்தைப் பாத்தீங்களா?" என்று கூட்டம் உருகியது. யாரோ நீலத் துணியை விலக்கினார்கள். யாரோ மெழுகை நீட்டினார்கள். தலையாட்டி கயிற்றை நெருக்கமாகச் சுற்றி மூடியை இறுக்கினார். மூடியில் ஒரு குட்டித் துளை கண்ணில் பட்டது. இது வழியாகவும் மூச்சு போய்விடுமே என்று அதையும் விடாமல் மெழுகால் அடைத்தார். கட்டைவிரலால் நீவிவிட்டார். அவ்வளவு சுத்தமான வேலையை மூச்சய்யாகூட யாருக்கும் செய்ததில்லை.

மூச்சய்யாவின் முகம் மெழுகு நிறத்துக்கு வந்திருந்தது. "நான் மட்டும் தனியா போய்ட்டு..." என்றார். அதற்குள் பக்தர்கள் படகை நிரப்பிவிட்டார்கள். தலையாட்டி டேங்கைக் குழந்தை மாதிரி மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் மற்ற படகுகள் கிளம்பின. எங்களுடையதும்தான்.

மூச்சய்யா ஊர்ந்தார். நாணல் திட்டு தாண்டியும் ஊர்ந்தார்.

"என்னய்யா, நடந்து போற மாதிரி போறீங்க?" என்று அத்தை பக்கத்துப் படகிலிருந்து குரல் கொடுத்தார். "முறுக்குங்க. என் வீட்டுக்காரருக்குப் பயமா?"

பக்தர்கள் சிரித்து உற்சாகப்படுத்தினார்கள். முறுக்கினார். படகு பாய்ந்தது. காற்றுப் புக எங்காவது ஒரு மயிரிழை விட்டிருந்தால் அத்தையின் பிழைப்பு போச்சு. ஆனால் தலையாட்டியின் பக்தியில் ஓட்டை இல்லை.

"அய்யா," என்றார் தலையாட்டி. "டேங்கு கன்னம் ஒட்டிக்கிட்டே போகுது."

சிவப்பு பிளாஸ்டிக் டேங்கின் இரண்டு பக்கமும், உறிஞ்சிக் குடித்த பழரசப் பொட்டலம் மாதிரி உள்ளே குழிந்திருந்தது. மோட்டார் செருமியது. இழுத்தது. நடுத்தண்ணியில், எல்லாருக்கும் முன்னால், செத்தது.

நீரோட்டம் படகைத் திருப்பி, இடிந்துபோன பழைய பாலத்தின் தூண் பக்கம் இழுக்க ஆரம்பித்தது. பக்தர்கள் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"மந்திரம் சொல்லுங்க அய்யா."

சொன்னார். தூண் நெருங்கியது.

"இன்னும் பலமா சொல்லுங்க அய்யா."

மூச்சய்யா மந்திரத்தை நிறுத்தினார். தலையாட்டியின் மடியிலிருந்து டேங்கைப் பிடுங்கினார். சிவப்புக் கயிற்றைப் பல்லால் கடித்துப் பிய்த்து ஆற்றில் எறிந்தார். மூடியைத் திருகித் திறந்தார். உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. டேங்கின் கன்னம் டொப்பென்று உப்பியது. குழாயில் பெட்ரோல் ஏற்றுவதற்காக இருந்த ரப்பர் குமிழைப் பிசைந்து, ஸ்டார்ட்டரைச் சுண்டினார். மோட்டார் உறுமியது. தூணைத் தொடாமல் படகு திரும்பியது. கடைக்காரர் சொன்னது சரிதான், நல்ல மெக்கானிக்.

தலையாட்டி வாழ்க்கையில் முதல்முறையாகத் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தார்.

"அய்யா," என்றார். "நீங்களே அவுத்துட்டீங்களே."

கரைக்கு வந்ததும் நான் சோப்பு நுரையும் பழைய டேங்கும் வைத்து எல்லாவற்றையும் காட்டினேன். கேட்டவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் அதற்குள் மூச்சய்யாவின் கொட்டகைக்குப் போயிருந்தார்கள். தார்ப்பாய்க்கு அடியில், ஆழத்தில் அடக்கமான மோட்டார்கள் எல்லாம் புதுப் பெயின்ட்டும் புதுப் பம்ப்புமாக, விற்பனைக்குத் தயாராக நின்றன. "அதோ என்னோடது," என்று ஒருவர் தன் மோட்டாரின் கைப்பிடித் தழும்பைத் தடவிக்கொண்டே அழுதார். மூச்சய்யா எங்கே என்றால், நிற்காத ஒரு மோட்டாரில் போய்விட்டிருந்தார்.

திங்கட்கிழமை அத்தையின் படகு நிறைந்தது. பெண்கள் ஏறும்போது இன்னும் கண்ணைப் பார்க்கவில்லை. அத்தை மட்டும் எல்லாரையும் நன்றாகப் பார்த்து, "நகர்ந்து உக்காருங்க," என்றார்.

எங்கள் வீட்டு முற்றத்தில் இப்போது வரிசை நிற்கிறது. பம்ப் மாட்டித் தருகிறோம். நேற்றுத் தலையாட்டி தன் மோட்டாரோடு வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆட்டினார். கிளம்பும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"எல்லாம் சரிம்மா. இந்தப் பம்ப்புக்கு மேல எந்தக் கலர் கயிறு கட்டணும்?"

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லி முடிக்கிறேன். மூடியைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், காற்று உள்ளே போகட்டும். டேங்கைச் சொல்லவில்லை.